தங்கப்பழம் அண்ணாச்சியின் நாலு டிஸ்க் பெட்டி

தூத்துக்குடியில் கம்ப்யூட்டருக்கென்று ஒரு குரு இருந்த காலம் உண்டு. இப்போது சொன்னால் நம்ப ஆளில்லை. எதைக் கேட்டாலும் கையிலிருக்கும் போனே பதில் சொல்லிவிடுகிறது. சொன்னதோடு வாயை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது; கேட்காத நாலு பதிலையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் பதில் வேண்டுமென்றால் படியேற வேண்டும்.

அந்தப் படி ஒரு பேக்கரியின் பக்கவாட்டில் இருந்தது. கீழே மக்ரூன் வேகும். மேலே ஜெசிந்தா டீச்சரின் கம்ப்யூட்டர் சென்டர். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்ந்து வேகிற வாசனைக்கு நடுவில்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் தட்டச்சு முதல் லினக்ஸ் வரை படித்தார்கள். இன்றைக்கும் அவர்களில் சிலருக்குக் கீபோர்டில் கை வைத்தால் நாக்கில் இனிப்பு ஊறுமாம். அந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

டீச்சருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒருமுறை ஒரு பிள்ளை, "பேக்கப் எதுக்கு டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் எழுந்து வந்து, அந்த வாரம் முழுக்க அவள் தட்டிவைத்திருந்த ஃபைலை அழித்துவிட்டு, போய் உட்கார்ந்து மீதி டீயைக் குடித்தார். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அங்கே யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த தங்கப்பழம் அண்ணாச்சி ஒருநாள் மூச்சு வாங்க ஏறி வந்தார். மகளைக் கூட்டிப்போக வந்தவர் என்று நினைத்து ஷீபா என்கிற பிள்ளை எழுந்து வந்தாள்.

"யாரைக் கூப்பிடணும் அண்ணாச்சி?"

"யாரையும் கூப்பிட வேண்டாம்மா. நாந்தான் படிக்க வந்திருக்கேன்."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"என்னத்துக்குப் படிக்கணும் அண்ணாச்சி?"

"எங்க வீட்டுக்காரியத் தேடணும் டீச்சர்."

சிரிப்பு நின்றுபோயிற்று.

தங்கப்பழம் அந்த ஊரின் வீடியோக்காரர். கல்யாணமா, காதுகுத்தா, சர்ச்சில் முதல் நன்மையா, கோயில் கொடையா, எதுவானாலும் தோளில் கேமராவோடு அவர் நிற்பார். அவருக்குப் பின்னால் ஃபோகஸ் லைட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி செல்லக்கனி நிற்பாள். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் லைட்டுக்கென்று ஒரு பையனை வைத்திருந்தார்கள். செல்லக்கனி அதற்கு விடவில்லை. "கண்டவன் லைட்டு பிடிச்சா உங்களுக்குக் கை ஓடாது" என்று தானே வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் பிடித்த லைட்டை, படுக்கையில் விழும்வரை அவள் கீழே வைக்கவில்லை.

அவள் செத்த அன்றைக்கு மாலை போட ஒரு படம் தேடினார்கள். அப்போதுதான் தங்கப்பழத்துக்கு உறைத்தது. ஊர் முழுக்கப் படம் பிடித்தவர் வீட்டில் செல்லக்கனியின் படம் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. அதில் அவள் யாரையோ அடிக்கக் கிளம்பினவள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் பெரிசு பண்ணி மாட்டினார்கள். அந்தப் படம் மாட்டியிருந்த பக்கமே அவர் திரும்புவதில்லை. அவள் அப்படி முறைக்கிறவளே இல்லை.

எங்கேயாவது ஒரு கேசட்டில், ஒரு கண்ணாடியிலோ ஜன்னலிலோ, கேமராவை அணைக்க மறந்த ஒரு நொடியிலோ, அவள் ஆடி அசைந்து வந்திருக்க மாட்டாளா? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. ஆனால் கடைப் பரண் முழுக்கக் கிடந்த கேசட்டுகளில் உப்புக்காற்றால் பூஞ்சை ஏறியிருந்தது. பல கேசட்டுகள் ஒரு தடவை ஓடும், மறுதடவை சிக்கிக்கொண்டு அறுந்துவிடும். அந்த ஒரு ஓட்டத்திலேயே எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் இறக்கிவிட வேண்டும். அதற்குத்தான் படியேறி வந்திருந்தார்.

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க" என்றார்.

நல்ல மாணாக்கர் அவர். மவுசைத் தொடுமுன் லென்ஸைத் துடைக்கிற மாதிரி வேட்டி நுனியால் துடைப்பார். பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தால் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வார். கரண்ட் போய்விட்டால் எல்லோருக்கும் கீழேயிருந்து மக்ரூன் வாங்கி வருவார். அப்போது கரண்ட் போகாத நாளே கிடையாது என்பதால் பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சில மாதம் போனது. சென்னையிலிருக்கும் மைத்துனர் மகன் ஒரு பெட்டியும் நாலு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி அனுப்பினான். நாலு டிஸ்க்கையும் ஒன்றாகக் கட்டி ஒரே டிஸ்க்காக ஓட வைக்கிற வித்தைக்கு சாஃப்ட்வேர் ரெய்டு என்று பெயர். இந்தப் பெயரை அவர் டீக்கடையில் சொல்லப்போக, அண்ணாச்சி கடையில் ரெய்டாம் என்று பஜார் முழுக்கப் பேச்சாகிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட உண்டு.

ஒருநாள் வகுப்பில் கையைத் தூக்கினார்.

"டீச்சர், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கேன்."

"எந்த இடம்?"

"சங்க் சைஸ் என்னன்னு கேக்குது."

அது ஒன்றும் பெரிய தத்துவமில்லை. உள்ளே வருகிற படத்தை அந்தப் பெட்டி துண்டு துண்டாக நறுக்கும். முதல் துண்டு ஒரு டிஸ்க்குக்கு, அடுத்த துண்டு அடுத்த டிஸ்க்குக்கு, நாலும் முடிந்தால் மறுபடி முதல் டிஸ்க்குக்கு என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும். ஒரு துண்டு எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெட்டியை நிரப்பின பிறகு மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை.

"எது டீச்சர் சரியான அளவு?"

"யாருக்கு?"

"யாருக்குன்னா? டிஸ்க்குக்குத்தான்."

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு ஷீபா பக்கம் திரும்பினார்.

"ஏ பிள்ள, கீழ போயி நாலு காலி பிஸ்கட் டின்னு கேட்டு வாங்கிட்டு வா. அண்ணாச்சி, உங்க கடையில யாரும் வாங்காமப் போட்டுட்டுப் போன கல்யாண ஆல்பம் கிடக்கும்லா?"

"கிடக்கும்."

"அதுல நாலு எடுத்துட்டு வாங்க."

டின்னும் வந்தது, ஆல்பமும் வந்தது. டீச்சர் ஷீபாவோடு சேர்த்து நாலு பிள்ளைகளைக் கூடத்தின் நாலு மூலையில் ஆளுக்கொரு டின்னோடு உட்கார வைத்தார். ஆல்பத்திலிருந்து படங்களை உருவி அண்ணாச்சியிடம் கொடுத்தார்.

"ஒவ்வொரு படமாப் போடுங்க. ஒரு டின்னுல ஒண்ணு, அடுத்த டின்னுல அடுத்தது. நாலு ஆல்பத்தையும் அப்படியே போடுங்க."

அண்ணாச்சி கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டு முடித்தார். வேர்த்துவிட்டது.

"இப்ப முதல் ஆல்பம் எனக்கு வேணும்" என்றார் டீச்சர்.

நாலு மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் படம் நீண்டது. இவள் ஒன்று, அவள் ஒன்று என்று கொடுக்கக் கொடுக்க, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆல்பம் சேர்ந்துவிட்டது. ஒரு பிள்ளைகூட சும்மா இருக்கவில்லை.

தங்கப்பழத்துக்கு முகமெல்லாம் பல். "இதான் டீச்சர்! எனக்கு இதான் வேணும்!"

"இருங்க" என்று டீச்சர் இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டுத் தன்னோடு நிறுத்தினார். "நாங்க நாலு பேரு. ஆளுக்கொரு ஆல்பம் வேணும். இப்பவே வேணும்."

கூடம் மீன் ஏலக்கூடம் ஆகிவிட்டது. ஷீபா இவளுக்கு ஒரு படத்தைத் தேடி எடுக்குமுன் அவள் வந்து நின்றாள். அவளுக்கு எடுத்து நீட்டுமுன் இன்னொருத்தி. நாலு பேரும் நாலு மூலைக்கும் அலைந்தார்கள். மூலையில் இருந்தவர்கள் டின்னை மேலும் கீழுமாகக் கிளறினார்கள்.

"நாந்தான் முதல்ல கேட்டேன்!"

"இருடி, எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

மாப்பிள்ளை வீட்டுப் படம் ஒன்று தரையில் விழுந்து மிதிபட்டது. டீச்சர் கையைத் தட்டி நிறுத்தினார்.

"இப்ப மாத்திப் போடுங்க அண்ணாச்சி. ஒரு டின்னுக்கு ஒரு முழு ஆல்பம்."

போட்டார். டீச்சர் தனக்கு மட்டும் ஒரு ஆல்பம் கேட்டார். ஷீபா ஒருத்தி எண்ணி எண்ணிக் கொடுக்க, மற்ற மூன்று பிள்ளைகளும் ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நாலு பேரும் கேட்டார்கள். ஆளுக்கொரு மூலைக்குப் போய், சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தங்கப்பழம் தலையைச் சொறிந்தார்.

"இதுல எது சரி டீச்சர்?"

"உங்க பெட்டிக்கு முன்னால யாரு வந்து உக்காருவாங்க?"

"யாரும் வர வேண்டாம் டீச்சர். நான் ஒருத்தன்தான். வேகமா ஓட்டி ஓட்டிப் பாக்கணும். அவ எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சுட்டாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

பிள்ளைகள் கீழே கிடந்த படங்களைப் பொறுக்கி அடுக்கினார்கள்.

"அப்படின்னா துண்டைச் சின்னதா வைங்க" என்றார் டீச்சர்.

தங்கப்பழம் சின்னதாக வைத்தார். கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டி உள்ளே இறக்கினார். சிலது ஓடி முடித்ததும் நாடா உதிர்ந்து கையோடு வந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பெட்டிக்குள் வந்துவிட்டதே. பெட்டியும் பறந்தது. அரைநாள் கல்யாணத்தை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஓட்டிப் பார்க்க முடிந்தது. நாலு டிஸ்க்கும் ஒன்றாகச் சேர்ந்து இழுக்கிற அந்த உறுமல் அவர் காதுக்குப் பாட்டாக இருந்தது. மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டார். பகல் முழுக்கத் திரையின் முன்னால்தான்.

சேதி பரவாமல் இருக்குமா? பழைய வீடியோவெல்லாம் அண்ணாச்சி பெட்டியில் போட்டுவைத்திருக்கிறாராம் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

"எங்க மாமா கல்யாணம் இருக்கா அண்ணாச்சி? அதுல எங்க அம்மை தாம்பாளம் தூக்கிட்டு வருவா."

"எம்புள்ள ஒண்ணாவது பிறந்தநாளு எடுத்தியளே. நெனப்பிருக்கா?"

யாரும் முழுப்படம் பார்க்க வரவில்லை. எல்லாருக்கும் ஒரு நிமிஷம்தான் வேண்டியிருந்தது. ஒருத்தர் நடந்து வருகிற நிமிஷம், ஒருத்தர் திரும்பிப் பார்க்கிற நிமிஷம். மனசு கேட்காமல் தங்கப்பழம் கூடுதலாக மூன்று திரை வாங்கி மாட்டினார். அவர்கள் மூன்று பேர், இவர் ஒருவர்.

அவ்வளவுதான், பெட்டி படுத்துவிட்டது. ஒரு திரையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டுவோமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி அப்படியே நின்றார். இன்னொரு திரையில் தாம்பாளம் தூக்கி வந்த அம்மை வாசலைத் தாண்டவே இல்லை. தங்கப்பழத்தின் திரையும் நின்றுபோயிற்று. நாலு டிஸ்க்கும் ஒவ்வொருத்தருக்காகவும் அங்குமிங்கும் ஓடித் தடதடத்தன.

அவர் தனியாக இருந்துதான் பெட்டியை ஓட்டிப் பார்த்திருந்தார். இன்னொரு ஆளை உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆயுசு முழுக்க ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஓட்டை வழியாகப் பார்த்தவருக்கு அது எப்படித் தோன்றும்?

கடைசியில், இங்கே வீடியோ பார்க்க இடமில்லை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். பாதி ஷட்டரை இழுத்துவிட்டார். அப்படியும் குனிந்து ஒரு பெரியவர் உள்ளே வந்தார்.

"எம் மகளை ஒரு தடவை பாத்துட்டுப் போயிருதேன் அண்ணாச்சி."

"பெறவு வாங்க."

பெரியவர் தயங்கி நின்றுவிட்டுப் போனார். தங்கப்பழத்துக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவரவருக்கு அவரவர் ஆள்தானே? திரும்பிப் பெட்டியை ஓட்டினார். அது மறுபடியும் பறந்தது.

எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். செல்லக்கனி இல்லை.

ஒரு மண்டபத்துச் சுவரில் ஒரு நிழல் இருந்தது. ஒரு பந்தியில் ஒயரைத் தள்ளிவிடுகிற வளையல் கை தெரிந்தது. கைதானா என்று நிச்சயப்படுவதற்குள் போய்விட்டது. குரலாவது இருக்கும் என்று தேடினார். "ஒயரை மிதிக்காதீங்கய்யா" என்று அவள் கத்தாத கல்யாணமே கிடையாது. ஆனால் அந்தக் காலத்து வீடியோவில் ஆரம்பம் முதல் முடிவுவரை சினிமாப் பாட்டுதான் ஓடும். இல்லாவிட்டால் கல்யாண வீட்டார் வாங்க மாட்டார்கள். அவள் குரலை அழித்து அதன்மேல் பாட்டைப் போட்டவர் தங்கப்பழம்தான், அவரே, தன் கையால். அது புரிந்த அன்றைக்குக் கடையிலேயே உட்கார்ந்து, பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு அழுதார்.

மறுநாள் மத்தியானம் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். கரண்ட் இல்லை. டீச்சர் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். தங்கப்பழம் பெட்டியை டீச்சர் மேசைமேல் வைத்தார்.

"இத நீங்களே வச்சுக்கிடுங்க டீச்சர். பிள்ளைகளுக்கு ஆவும். உள்ள கிடக்கதை அழிச்சிருங்க."

"சரியா ஓடலையா?"

"பறக்குது."

"அப்புறம் என்ன?"

"அவ இல்ல டீச்சர்."

ஷீபா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுகிட்டேன். நான் இத்தனை வருஷம் எடுத்த படம் ஒண்ணுகூட உருப்படியில்ல. ஒருத்தனும் கேமராவைப் பாக்கல. எல்லாவனும் என் தலைக்கு மேல எங்கயோ பாத்துப் பல்லைக் காட்டுதான். பொண்ணும் அப்படித்தான், மாப்பிள்ளையும் அப்படித்தான். லென்ஸைப் பாருங்க, லென்ஸைப் பாருங்கன்னு தொண்டை கிழியக் கத்துவேன். கேக்கவே மாட்டாங்க."

டீச்சரின் கையில் அட்டை நின்றுவிட்டது.

"எல்லாருமா அண்ணாச்சி?"

"எல்லாரும். ஒரே மாதிரி."

கீழே பேக்கரிக்காரர் யாரிடமோ கரண்ட் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது வந்தபோது எல்லா மெஷினும் ஒன்றாக முனகி விழித்துக்கொண்டன. டீச்சர் எழுந்து அண்ணாச்சியின் பெட்டியைத் தன் திரையோடு இணைத்தார்.

"என் கல்யாணம் இதுல இருக்கா?"

"உங்க கல்யாணமா?"

"மாதா கோயில்ல நடந்துச்சு. நீங்கதான் எடுத்திய. உங்களுக்கு நெனப்பிருக்காது."

தங்கப்பழத்துக்கு நினைப்பில்லை. டீச்சர் வருஷத்தைச் சொல்ல, அவரே தேடி எடுத்து ஓட்டினார். பாட்டோடு படம் வந்தது. வெள்ளை உடையில், தலையில் முக்காட்டோடு, கையில் பூச்செண்டோடு மெலிந்த ஒரு பெண். முகம் வீங்கியிருந்தது.

"அந்த வருஷந்தான் எங்க அப்பா கடலுக்குப் போயிட்டுத் திரும்பி வரல" என்றார் டீச்சர். "காலையில எழுந்ததுலருந்து அழுதுகிட்டே இருந்தேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக அப்பா இல்லையேன்னு. யாரு என்ன சொல்லியும் அழுகை நிக்கல."

திரையில் அந்தப் பெண் தலை குனிந்தே இருந்தாள். யாரோ தோளைத் தட்டினார்கள். நிமிர்ந்தாள். கேமராவுக்கு மேலே எங்கேயோ பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியாத மாதிரி பார்த்தாள். பிறகு உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பூச்செண்டால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

டீச்சர் அந்த இடத்தில் நிறுத்தினார்.

"நான் யாரைப் பாத்துச் சிரிக்கேன் அண்ணாச்சி?"

தங்கப்பழம் திரையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"லைட்டு ஒயரைக் கழுத்துல மாலையாச் சுத்திக்கிட்டாங்க" என்றார் டீச்சர். "முந்தானையை எடுத்துத் தலையில முக்காடாப் போட்டுக்கிட்டாங்க. அப்படியே கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கப்பட்டுக் குனிஞ்சாங்க. குனிஞ்சவங்க ஓரக்கண்ணால என்னையப் பாத்து உதட்டைப் பிதுக்குனாங்க. எல்லாம் ஒரு கையால. இன்னொரு கையில லைட்டு. அந்த லைட்டு ஆடவே இல்ல."

"ஆடாது" என்றார் தங்கப்பழம். "அவ கை ஆடாது டீச்சர்."

பிறகு அவர் சிரித்தார். முந்தானையும் ஒயருமாக அவள் நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். கண்ணைத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஷீபாவும் அழுதாள்.

"இப்படியெல்லாம் செய்வான்னு எனக்குத் தெரியாதே டீச்சர். இத்தனை வருஷம் கூடவே நின்னாளே."

"நீங்க முன்னால நின்னிய."

"இத ஏன் அன்னைக்கே எங்கிட்ட சொல்லல?"

"அன்னைக்கு நீங்க சங்க் சைஸ்தானே கேட்டிய."

தங்கப்பழம் நாற்காலியை டீச்சர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னப்பிள்ளை கதை கேட்கிற மாதிரி கேட்டார்.

"இன்னும் சொல்லுங்க டீச்சர். வேற என்ன செஞ்சா?"

"எனக்கு அவ்வளவுதான் தெரியும். நான் ஒருத்தி ஒரு நிமிஷம் பாத்தேன்."

தங்கப்பழத்துக்குத் தாம்பாளக்கார அம்மையின் மகள் ஞாபகத்துக்கு வந்தாள். ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்த பெரியவர் வந்தார். அவர் மகளும் அந்த லைட்டின் முன்னால்தானே நின்றிருப்பாள், பக்கத்தில் அவரும்தானே நின்றிருப்பார். அவர்களில் ஒவ்வொருத்தரும் செல்லக்கனியை ஒரு நிமிஷமாவது பார்த்தவர்கள். அவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டு யாரைத் தேடினோம் என்று நினைத்தபோது தங்கப்பழத்துக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

"பெட்டியை அழிச்சுட்டு, நாலு பேரு உக்காந்து பாக்குற மாதிரி திரும்பக் கட்டணும் டீச்சர். ஆனா கேசட்டு பாதி போயிட்டு. திரும்ப ஓடாது. இதுல இருக்கதை எங்க கொண்டு வைப்பேன்?"

டீச்சர் திரும்பினார்.

"ஷீபா, உங்க மெஷின் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ஸ்க்ரூ டிரைவரை எடு. உள்ள இருக்க டிஸ்க்கு பூராத்தையும் கழட்டணும். அண்ணாச்சி படத்தையெல்லாம் அதுல இறக்கி வைப்போம்."

"அப்ப வகுப்பு டீச்சர்?"

"லீவு."

பிள்ளைகள் ஓடினார்கள். ஒவ்வொரு திரையாக அணைந்தது. டீச்சரின் மேசைத் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கழற்றின டிஸ்க்குகளைப் பிள்ளைகள் தாவணியில் ஏந்திக் கொண்டுவந்து அண்ணாச்சியின் முன்னால் அடுக்கினார்கள். அவர் ஒவ்வொன்றையும் எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இந்தத் தடவை துண்டை எவ்வளவு பெருசா வைக்க டீச்சர்?"

டீச்சர் திரையில் நின்றுபோயிருந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆளு சிரிச்சு முடிக்கது ஒரு டிஸ்க்குக்குள்ளயே அடங்கணும் அண்ணாச்சி. நடுவுல உடைஞ்சிரக் கூடாது."